டி.எம்.எஸ். என்றால் பாட்டுக்காரர் இல்லை

மெட்ரோவில் ‘ஏ.ஜி - டி.எம்.எஸ்.’ என்று அறிவிப்பு வந்ததும் பக்கத்தில் நின்ற பையன் நண்பனிடம் சொன்னான்: “பாட்டுக்காரர் டி.எம்.எஸ். பேருடா.” சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தேனாம்பேட்டையில் இருக்கும் மருத்துவ, ஊரக நலப்பணிகள் இயக்ககம்தான் அது. தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகள் அதன் பொறுப்பு. மருத்துவக் கல்லூரிகள் கீழ்ப்பாக்கத்து டி.எம்.ஈ.யின், அதாவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பு. கல்லூரியில் இருப்பவர் பேராசிரியர், மாவட்ட ஆஸ்பத்திரியில் இருப்பவர் வெறும் டாக்டர். எனக்கு இந்தக் கணக்கு நெடுநாளாகவே உறுத்தல்.

அக்கா மகள் சென்னையில் எம்.டி. பொது மருத்துவம் படிக்கிறாள். 2020-ல் வந்த விதிப்படி இப்படி மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். “அது லீவு மாதிரி” என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது வாரம் ராத்திரி போன். “மாமா, வயல்ல பாம்பு கடிச்சு ஒரு அம்மா வந்தாங்க. இங்க இருக்கிற டாக்டர் சார் ரெண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடி டெஸ்ட் டியூப்ல விட்டு, இருபது நிமிஷம் அசைக்காதேன்னுட்டார்.”

அந்த இருபது நிமிடம்தான் அவளுக்கு வகுப்பு. வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று காலில் பேனாவால் கோடு போடச் சொல்லியிருக்கிறார். இமை தொங்குகிறதா பார். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது, கேள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்பு போட்டுக் கழுவியிருந்தாலோ ரத்தம் உறையாமல் ஏமாற்றிவிடும் என்பதையும் அப்போதுதான் சொல்லியிருக்கிறார். நேரம் முடிந்து சாய்த்தால், ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியிருக்கிறது. விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே பத்து குப்பி விஷமுறிவு மருந்து.

சென்னை வார்டில் ரத்தத்தை லேபுக்கு அனுப்பிவிட்டு நாம் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம். நானும் அப்படிப் படித்தவன்தான். ரிப்போர்ட் வரும்வரை நோயாளியையே பார்த்துக்கொண்டிருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அரசு மருத்துவர்களுக்கு பி.ஜி. சீட்டில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது கொண்டாடினோம். ஊரில் வேலை பார்த்தவர் இங்கே வந்து படிக்கலாம். சரி. ஊரிலேயே இருந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவருக்கு? காலையில் ஓ.பி.யில் கூட்டம், ராத்திரி டியூட்டி, நடுவில் பாடம். அவர் ஓ.பி.யைக் குறையுங்கள், பாடம் எடுக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுதுங்கள், ஆசிரியர் என்று ஒரு பதவிப் பெயரும் கொடுங்கள். தேனாம்பேட்டைக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே ஃபைல் போய்வர எவ்வளவு தூரம்? ஆட்டோவில் அரை மணி நேரம்.

போன வாரம் அவள் திரும்பி வந்தாள். இங்கே வார்டில் கண்ணாடிக் குழாய் கேட்டால் பிளாஸ்டிக்கை நீட்டினார்களாம். சனிக்கிழமை என்னை பார்க் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர், “ஒரு டஜன் போதுமாம்மா?” என்றார். இரண்டு டஜன் வாங்கினாள்.