கோரையாத்துல மாலத்தீவு காட்டின மகராசன்களுக்கு

மொதல்ல மீசையைப் பத்திச் சொல்லிடுறேன். 22 வருஷமா வச்சிருக்கிற மீசை. கல்யாணத்துக்குக்கூட ஓரம் ஒதுக்கினேனே தவிர எடுக்கல. அதை எடுக்கச் சொல்றான் படகு சவாரி கூட்டிக்கிட்டுப் போன ஒரு பொடிப்பய, இடுப்பளவு கலங்கத் தண்ணியில என்னை நிக்க வச்சிக்கிட்டு! "அங்கிள், மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாது, தண்ணி உள்ள வரும். வாசலின் தடவிக்குங்க. அடுத்த தடவை வர்றப்ப ஷேவ் பண்ணிட்டு வாங்க."

அடுத்த தடவையாம்ல!

எங்களுக்கு மன்னார்குடி. உரக்கடை வச்சிருக்கேன். பொங்கலுக்குச் சென்னையிலேர்ந்து அக்கா மகன் பொண்டாட்டியோட வந்திருந்தான். போகி அன்னிக்கு ராத்திரி போனைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். "மாமா, நம்ம முத்துப்பேட்டைப் பக்கமே வந்துருச்சு பாருங்க. கேட்டமரான் பார்ட்டி குரூஸ் வித் ஸ்நார்க்கலிங். டிஜே இருக்கு, லஞ்ச் இருக்கு." கேட்டமரான்னா ரெட்டை உடல் படகாம். ஸ்நார்க்கலிங்னா மூஞ்சியில கண்ணாடி மாஸ்க்கு மாட்டி, வாயில குழாய் வச்சு மூச்சு விட்டுக்கிட்டே தண்ணிக்கடியில பாக்குறதாம். வீடியோவுல தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. அடியில பவளப்பாறை, மஞ்சளும் ஊதாவுமா மீனு, வெள்ளைப் படகு, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் புள்ளைங்க. இதுல முத்துப்பேட்டை எங்கடா இருக்குன்னு கேட்டேன். "அது சும்மா ரெஃபரன்ஸ் மாமா"ன்னான். அந்த எடத்துலயே நான் சுதாரிச்சிருக்கணும். எவன் வந்து புது மருந்துன்னு பாட்டிலை நீட்டினாலும் லேபிளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவன் நான். அன்னிக்கு என்னமோ பொங்கல் கரும்பு கண்ணை மறைச்சிருச்சு.

தலைக்கு 2,499. ஆறு பேரு. அதுக்கு மேல 'வசதிக் கட்டணம்'னு 299. யாருக்கு வசதின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மொத்தம் 15,293 ரூபாய். ஒரு மூட்டை யூரியா 266 ரூபா 50 காசு. 57 மூட்டை எடுத்து ஒரு லோடு வண்டியில ஏத்தி விட்டிருக்கலாம்யா நான்.

காணும் பொங்கல் அன்னிக்கு விடியக்காலம் கெளம்பிப் போனோம். படகுத்துறையில வெள்ளைக் கேட்டமரானைத் தேடுறேன், காணோம். ரெண்டு பழைய ஃபைபர் படகைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, குறுக்க சவுக்குக் கழி வச்சுக் கட்டி, மேல பிளைவுட் பலகை அடிச்சு, பந்தல்காரன்கிட்ட வாங்கின கலர் துணியைச் சுத்தி விட்டிருக்கானுவ. "இதாங்கண்ணே கேட்டமரான்."

கோவம் வந்துச்சு. ஆனா கோவத்துலயும் ஒரு நியாயம் பேசணும். படகை ஓட்ட வந்தவரு வயசாளி, வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரரு. அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "தம்பி, எங்கப்பாரு போனது கட்டுமரம். மரத்தைக் கட்டுனது. இது படகைக் கட்டுனது. கட்டுனது கட்டுனதுதானே?" அன்னிக்கு ராத்திரி ஆத்தாமையில தூக்கம் வராம போன்ல தேடித் தேடிப் படிச்சேன். நம்ம கட்டுமரங்கிற வார்த்தைதான் இங்கிலீஷ்ல போயி கேட்டமரான் ஆயிருக்கு. ஆனா ரெட்டை உடல் படகு நம்ம சரக்கு இல்லையாம், பசிபிக் தீவுக்காரங்க கைவேலை. 1876-ல அமெரிக்காவுல ஹெரஷாஃப்னு ஒருத்தரு அந்த மாதிரி ஒண்ணைக் கட்டிப் பந்தயத்துல ஓட்டி மத்த படகையெல்லாம் மண்ணைக் கவ்வ வச்சிருக்காரு. நம்ம பேரு போயி அவங்க படகு மேல குந்திக்கிச்சு. ஆக அந்தப் பயலுவ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை பொய்யின்னும் சொல்ல முடியல. அதுதான் இன்னும் எரியுது.

பெரியவரு பேச்சைக் கேட்டுக்கிட்டே போனதுதான் அந்தப் பயணத்துல காசுக்குக் கெடைச்ச ஒரே பண்டம். கட்டுமரம்னா எடை இல்லாத மரமாப் பார்த்து எடுத்து, கயித்துல வரிஞ்சு கட்டுவாங்களாம். ஏறிக் குந்தினா எந்நேரமும் கீழேர்ந்து தண்ணி வந்து நனைச்சுக்கிட்டே இருக்குமாம். கரைக்கு வந்ததும் அவுத்துத் தனித்தனியாக் காயப் போடுவாங்களாம், இல்லைன்னா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துடுமாம். "2004 சுனாமியோட அதெல்லாம் போச்சு தம்பி. அப்புறம் நிவாரணத்துல ஃபைபரு, ஃபைபரு, ஊரெல்லாம் ஃபைபரு." அவரு வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கையில கயிறு இழுத்த காப்பு, கட்டை விரலுக்குக் கீழ ஒரு ரூபாக் காசு அகலத்துக்கு. இந்த மனுசனைப் பேச விட்டுட்டு அந்த ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தா நானே மேல 500 கொடுத்திருப்பேன்.

எங்க நிறுத்துனானுவ! டிஜேன்னு சொன்னது அந்தப் பொடிப்பயலோட போனுதான். ப்ளூடூத் ஸ்பீக்கர். காசு கட்டாத ஆப்பு போல, ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை விளம்பரம். குத்துப்பாட்டுக்கு நடுவுல வீட்டுக்கடன் வட்டி எவ்வளவுன்னு ஒரு பொம்பளக் குரல் கேக்குது, எங்கக்கா அதுக்கும் கையைத் தட்டிச்சு. தை மாசம், வெளியூர்ப் பறவையெல்லாம் வந்து கெடக்குற நேரம். அலையாத்தி ஓரமா நீர்க்காக்காயும் கொக்குமா வரிசையா ஒக்காந்திருந்துச்சு. முதல் பாட்டு போட்டதும் மொத்தமும் எழும்பிப் போயிருச்சு. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிது, பைனாகுலர் கொண்டாந்திருந்துச்சு. அதைத் திரும்பப் பையில வச்சு ஜிப்பைப் போட்டுடுச்சு, ஒண்ணும் பேசல.

சாப்பாடு பத்தி நாலு வரி போதும். வெல்கம் டிரிங்குன்னா ஆரஞ்சுப் பொடி கரைச்ச தண்ணி. அன்லிமிடெட் லஞ்சுன்னா சாம்பார் சாதப் பொட்டலம். ரெண்டாவது கேட்டா எண்ணிட்டு வந்துட்டோம்ணேங்கிறான். பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குச் சோத்துல கணக்குப் பாக்குற தைரியம் எவனுக்கும் வரக் கூடாதுய்யா.

உயிர்க்காப்பு ஜாக்கெட் விஷயத்துல நான் சிரிக்கத் தயாரா இல்ல. 22 பேரு ஏறினோம், 14 ஜாக்கெட்டு. எனக்குக் கெடைச்சதுல பக்கிள் ஒடைஞ்சு போயி, அந்த எடத்துல சணல் கட்டியிருந்துச்சு. மூட்டை தைக்கிற சணல். என் கடையில கோணி ஊசியோட தொங்குற அதே சணல்! புள்ளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் கொடுங்கன்னு நான் கழட்டிக் கொடுத்தேன். "ஆழமே இல்லண்ணே, பயப்படாதீங்க"ங்கிறான். ஆழம் இல்லாத எடத்துல எதுக்குடா ஸ்நார்க்கலிங்?

இப்ப அந்த ஸ்நார்க்கலிங்குக்கு வர்றேன். ஆத்து முகத்துல ஒரு மணல் திட்டுப் பக்கமா நிறுத்தி, ஆளுக்கு ஒரு மாஸ்க்கு, ஒரு குழாய் கொடுத்து எறங்கச் சொன்னானுவ. கால் வச்சேன், முழங்கால் வரைக்கும் சேறு இழுத்துச்சு. மாஸ்க்கை மாட்டிக் குனிஞ்சா உள்ளுக்குள்ள தெரிஞ்சது ஒரே நிறம். டீக்கடையில கிளாஸ் கழுவுற தொட்டி நிறம். என் கையை மூஞ்சிக்கு முன்னால நீட்டிப் பார்த்தேன், மணிக்கட்டோட காணாமப் போச்சு. அதுக்குள்ள மீசை வழியா தண்ணி கசிஞ்சு மூக்கு வரைக்கும் ஏறி, உப்பும் சேறுமா புரையேறிடுச்சு. மாப்ள எழுந்து நிக்கிறான், குழாயிலேர்ந்து கஞ்சி மாதிரி ஒழுகுது. "ஏதாவது தெரிஞ்சுதா மாமா?"ன்னான். தெரிஞ்சுது மாப்ள, 15,293 ரூபா தெரிஞ்சுது.

மாஸ்க்கோட சிலிக்கோன் ஓரம் தோலோட ஒட்டினாத்தான் தண்ணி நிக்கும், நடுவுல மசுரு இருந்தா கசியும், அது உண்மைதானாம். அப்ப அதைக் காசு வாங்குறதுக்கு முன்னாடில்ல சொல்லணும்? இந்தப் பக்கம் மீசை இல்லாத ஆம்பளையைத் தேடித்தான் புடிக்கணும். உங்களுக்கு யாவாரமே ஓடாது.

எங்க வீட்டம்மா எறங்கவே இல்ல. மேல ஒக்காந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னுச்சு: "நம்ம வீட்டுப் பின்னால ஓடுற பாமணியாத்துத் தண்ணிதானே இது? இதைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்குறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அது சொன்னது நூத்துக்கு நூறு சரி. மேட்டூர்ல தொறக்குற தண்ணி கல்லணையில பிரிஞ்சு வெண்ணாத்துல வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் போகுது. கோரையாறும் பாமணியாறும் இன்னும் நாலஞ்சு ஆறும் வயலையெல்லாம் நனைச்சிட்டு, வடிகாலையெல்லாம் வாங்கிக்கிட்டு, கடைசியில முத்துப்பேட்டை லகூன்லதான், அதான் கடலோரக் காயல்லதான், வந்து விழுது. அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட. அந்தத் தண்ணி நீலமா இருந்தாத்தான் நாம பயப்படணும். அந்த வண்டல்லதான் அலையாத்தி நிக்குது. சேறு அடைச்சுக் கெடக்கிறதாலதான் அந்த மரம் வேரை ஆணி மாதிரி மேல நீட்டி மூச்சு விடுது. இறாலும் நண்டும் குஞ்சா இருக்குறப்ப ஒளிஞ்சு வளர்றது அந்தக் கலங்கலுக்குள்ளதான்.

பவளப்பாறைக்கு இது அத்தனையும் ஆவாது. அதுக்கு வெயில் அடி வரைக்கும் எறங்குற தெளிஞ்ச தண்ணி வேணும், உப்பு கொறையக் கூடாது, மேல வண்டல் படியக் கூடாது. என் பொண்ணு படகுலயே சொல்லிடுச்சு, "அப்பா, பவளப்பாறைன்னா மன்னார் வளைகுடால்ல? ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் 21 தீவு, 1986-லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க." ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்குத் தெரியுது. ரீல்ஸ் போட்டுக் காசு வாங்குறவனுக்குத் தெரியாதா? தெரியும்யா. நல்லாவே தெரியும்.

எனக்கு ஆத்தாமை அந்தக் காசு மேல மட்டும் இல்ல. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப எனக்கு 40 தென்னை போச்சு. அந்த அலையாத்திக் காடு எந்தக் கதியில கெடந்துச்சுன்னு போய்ப் பார்த்தவன் நான். எலை கருகி, குச்சி குச்சியா நின்னுச்சு. அது திரும்பத் துளுத்து வந்திருக்கு. அதைக் காட்டிக் காசு வாங்கு, கொடுக்கிறேன். சேத்துல துள்ளுற மீனைக் காட்டு. ஒத்தக் கொடுக்கை ஆட்டிக்கிட்டு நிக்கிற நண்டைக் காட்டு. அந்தப் பெரியவரைப் பேச விடு. இருக்கிறதைக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு, இல்லாத மாலத்தீவை எங்க ஆத்துல ஒட்ட வைக்கிறியே, எங்க தண்ணியில அப்படி என்னடா கொறை?

எறங்குறப்ப இன்னொரு கூத்து. பலகையை வச்சதும் அந்தப் பொடிப்பய கியூஆர் அட்டையோட வழியை மறிச்சு நிக்கிறான். "அங்கிள், அஞ்சு ஸ்டார் போட்டுட்டு எறங்குனீங்கன்னா கீசெயின் ஃப்ரீ." ஈரத் துணியோட, காதுக்குள்ள சேறோட நான் நிக்கிறேன். பூஜ்யம் போட எடம் இருக்கான்னு கேட்டேன். "ஒண்ணுதான் கொறைச்சல் அங்கிள்"ங்கிறான். ஒண்ணு போடக்கூட எனக்கு மனசு வரல.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். முதல்ல மெஷின் பதில் சொல்லிச்சு. நாலு நாள் கழிச்சு ஆள் பதில் வந்துச்சு: படங்கள் மாதிரிக்கு மட்டுமே, தண்ணிக்கடியில தெரியுறது இயற்கையைப் பொறுத்தது, உங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் இணைச்சிருக்கோம். இயற்கையைப் பொறுத்ததாம். என் கடையில ஒரு மூட்டை உரத்துல கலப்படம் இருந்து, பயிரு வர்றது இயற்கையைப் பொறுத்ததுன்னு நான் சொன்னா, குத்தாலம் வரைக்கும் என்னைத் தொரத்திக்கிட்டு வந்து அடிப்பாங்க.

சரி, வெளியாளு ஏமாத்துறான். வீட்டாளு? கீசெயின் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்குறேன், மாப்ள கார் சாவியில தொங்குது. அஞ்சு ஸ்டார் போட்டுட்டானாம். "பாவம் மாமா, சின்னப் பையன்." அது மட்டுமா? சென்னைக்குப் போன மறுநாளு போட்டோ ஏத்தியிருக்கான். நாங்க ஆறு பேரும் தண்ணியில நிக்கிறோம், மாஸ்க்கு நெத்தியில. ஏதோ ஃபில்டராம், தண்ணி மொத்தமும் பச்சை நீலமாச் ஜொலிக்குது. என் மீசை ஓரத்துல ஒட்டியிருந்த சேறுகூட நீலமாயிருச்சு. கீழ 'பாரடைஸ்'னு எழுதி நாலு இதயம். போன் போட்டுக் கேட்டா, "ஒரிஜினல் கலர்ல போட்டா நல்லா இருக்காது மாமா"ங்கிறான்.

நேத்து கடையில கூட்டமான நேரம். திருத்துறைப்பூண்டியிலேர்ந்து என் சம்பந்தி முறைக்காரரு போன் பண்றாரு. "என்னங்க மாமா, சொல்லாமக் கொள்ளாம எங்கயோ வெளிநாடு போயிட்டு வந்துட்டீங்க? மாப்ள போட்ட போட்டோ பார்த்தோம். அந்தத் தண்ணி எந்த ஊரு? நாங்களும் பசங்களைக் கூட்டிக்கிட்டு மே மாசம் போவலாம்னு பாக்குறோம்."

கோரையாறுன்னேன்.

"சும்மா வெளையாடாதீங்க மாமா, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க"ன்னு மொணகிட்டுப் போனை வச்சிட்டாரு.