முதல் ஃபிலிம் கேமராவாகப் பிளாஸ்டிக் கேமரா ஏன் கூடாது?

ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் கேமரா) வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிற இளைஞர்களிடம் நான் கேனன் ஈஓஎஸ் 300 என்று சொல்லும்போது அவர்கள் முகம் சற்றே வாடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கனமான உலோக உடல், லென்ஸ் வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்யும் சுகம், ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கும் ஓசை என்று கனவு கண்டு வந்தவர்களுக்கு, கல்யாண வீடுகளில் யாரோ ஒரு சித்தப்பாவின் கழுத்தில் தொங்கிய அந்தப் பிளாஸ்டிக் கேமராவைக் காட்டினால் ஏமாற்றம் வரத்தான் செய்யும். ஆனாலும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. புதிதாகப் பழகுகிறவரின் கை எங்கெங்கே தவறும் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்யப்பட்ட கேமரா அது.

1999-இல் வெளிவந்த இந்தக் கேமராவுக்கு அமெரிக்காவில் ரெபெல் 2000 என்றும், ஜப்பானில் கிஸ் 3 என்றும் பெயர். கிஸ் என்னும் வரிசை 1993-இல் தொடங்கியபோதே, பிள்ளைகளைப் படம் பிடிக்க விரும்பும் தாய்மார்களைத்தான் அந்நிறுவனம் மனத்தில் வைத்திருந்தது. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கேமராவுமாக நிற்பவருக்கு எது தேவை என்று யோசித்தவர்கள் செய்த கருவி என்பது அதன் ஒவ்வொரு பொத்தானிலும் தெரிகிறது.

எல்லாரும் ஆட்டோஃபோகஸைப் புகழ்வார்கள். நான் முதலில் புகழ்வது ஃபிலிம் ஏற்றும் முறையை. பின்கதவைத் திறந்து, ரோலை வைத்து, ஃபிலிமின் நுனியை அங்கிருக்கும் குறிவரை இழுத்துவிட்டுக் கதவை மூடினால் போதும். உள்ளே மோட்டார் ஓடி, ஃபிலிம் முழுவதையும் டப்பாவிலிருந்து வெளியே இழுத்து மறுபக்கம் சுற்றிவைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு படம் எடுத்ததும் அந்தக் கட்டம் டப்பாவுக்குள் திரும்பிச் செல்லும். மேலே இருக்கும் திரையில் எண் 36-லிருந்து ஒவ்வொன்றாகக் குறையும். எத்தனை எடுத்தோம் என்பதைவிட எத்தனை மிச்சம் என்பதே படம் எடுப்பவருக்குத் தேவையான கணக்கு. நான் முதலில் பழகிய மேனுவல் கேமராவில் ஒருமுறை ஃபிலிம் நுனி சரியாக மாட்டவில்லை. லீவர் ஓடியது, எண் ஏறியது, ஃபிலிம் மட்டும் நகரவில்லை. கழுவிய ஸ்டூடியோக்காரர் ஒரு பிம்பம்கூட இல்லாத நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது நான் அடைந்த அவமானத்தை இன்னொருவர் அடைய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் முழுப் பயனை அக்கா மகளின் காதுகுத்தில்தான் கண்டேன். தாய்மாமன் என்பதால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான். ஆகவே கேமராவின் வட்டத் திருகை, எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் பச்சைக் கட்டத்தில் நிறுத்தி, அதுவரை கேமராவையே தொட்டிராத சித்தியிடம் கொடுத்து, “பாதி அழுத்துங்க, ‘பீப்’னு சத்தம் வந்ததும் முழுசா அழுத்துங்க சித்தி” என்று மட்டும் சொன்னேன். சித்தி 22 படங்கள் எடுத்தார். பிறகு பந்தியின்போது மேசைமேல் இருந்த கேமராவின் பின்கதவை ஒரு பையன் திறந்துவிட்டான். மேனுவல் கேமராவாக இருந்திருந்தால், எடுத்தவற்றில் பெரும்பாலானவை அங்கேயே வெளிச்சம் பட்டு வீணாகியிருக்கும். இதிலோ எடுத்த படங்கள் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன. கடைசிப் படத்தின் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல். போனது எடுக்காத 14 கட்டங்கள்தான்.

அந்தப் படங்களில் ஒன்றில் ஆசாரியின் விரல்கள் துல்லியமாகவும், அழும் குழந்தையின் முகம் சற்று மங்கலாகவும் விழுந்திருந்தன. பச்சைக் கட்டத்தில் ஏழு ஃபோகஸ் புள்ளிகளில் எதைப் பயன்படுத்துவது என்பதைக் கேமராவே தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அருகில் இருப்பதையே அது பிடித்துக்கொள்ளும். எது முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே புதியவர்கள் முதலில் கற்க வேண்டியது, நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே சட்டகத்தை நகர்த்தும் பழக்கத்தை.

அந்த ‘பீப்’ ஒலிக்குப் பின்னால் நடப்பதும் அறியத் தக்கது. லென்ஸ் வழியே வரும் ஒளியில் ஒரு பகுதி, அரைகுறையாக ஒளியை ஊடுருவவிடும் கண்ணாடியைக் கடந்து, அதன் பின்னிருக்கும் சிறு கண்ணாடியில் பட்டு, அடியில் உள்ள உணரிக்குச் செல்கிறது. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வந்த பிம்பங்களை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. 1985-இல் வந்த மினோல்டா 7000 இதற்கான மோட்டாரைக் கேமரா உடலுக்குள் வைத்தது. 1987-இல் ஈஓஎஸ் 650-ஐக் கொண்டுவந்த கேனனோ அதை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. அந்த முடிவின் பலனாகத்தான், டிஜிட்டல் கேமராவுக்காக நான் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இந்தப் பழைய உடலிலும் குறையின்றி இயங்குகிறது. சிறிய சென்சார் கொண்ட டிஜிட்டல் கேமராக்களுக்கென்றே செய்த இஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள் மட்டும் இதில் பொருந்தாது.

முகம், மலை, பூ, ஓடும் மனிதர் என்று திருகில் உள்ள படங்களை ஏளனம் செய்பவர்கள் உண்டு. முகத்தில் வைத்தால் அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) விரிகிறது, ஓடுபவரில் வைத்தால் நகரும் பொருளை ஃபோகஸ் விடாமல் தொடர்கிறது. திரையில் தெரியும் எண்களைக் கவனித்து வந்தால் அதுவே பாடம். பிறகு ஏவி, டிவி ஆகியவற்றுக்குப் போகலாம். (ஏவி என்பதில் அப்பர்ச்சரையும் டிவி என்பதில் ஷட்டர் வேகத்தையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம்; தொலைக்காட்சி எங்கே என்று தேட வேண்டாம்.)

குறைகளும் உண்டு. பட்டகத்துக்கு (ப்ரிஸம்) பதில் பிம்பம் காட்டும் கண்ணாடிகளால் ஆன, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மங்கலானது, சிறியது. கையால் ஃபோகஸ் செய்ய ஏற்றதன்று. சிஆர்2 பேட்டரி இரண்டு இல்லையென்றால் இது வெறும் பிளாஸ்டிக் பெட்டி; தெருமுனைக் கடையில் அந்த பேட்டரி கிடைக்காது. “பேட்டரி போட்டா ஓடும் சார்” என்ற வார்த்தையை நம்பி நான் வாங்கிய முதல் உடல் ஒருநாளும் ஓடவில்லை. ஆகவே வாங்கப் போகும்போது இரண்டு பேட்டரிகளையும், வீணானாலும் பரவாயில்லை என்கிற பழைய ரோல் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரோலை ஏற்றி, திரையில் எண் வருகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.