சறுக்கினால் அவ்வளவுதானா?

சில கார் ரேஸ் கேம்களில் டயர் சறுக்கும் விதத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வளைவில் துளி வேகம் கூடினால் போதும், சுவிட்சை அணைத்தது போல மொத்தப் பிடிப்பும் போய் கார் சுற்றி நிற்கிறது. நிஜ டயர் அப்படியா? ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் அஸ்தம்பட்டி வந்து சேர்கிறவர்களைக் கேளுங்கள். வேகம் மிஞ்சினால் முதலில் டயர் கிறீச்சிடும், ஸ்டியரிங் லேசாகும், முன்பக்கம் மெல்ல வெளியே ஒதுங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

டயர் பார்க்கும் திசைக்கும் அது நகரும் திசைக்கும் நடுவே சில டிகிரி விலகல் இருந்தால்தான் பக்கவாட்டுப் பிடிப்பே உண்டாகும். உச்சம் தாண்டிய பிறகும் பிடிப்பு படிப்படியாகத்தான் குறையும். டயர் ஆய்வாளர் ஹான்ஸ் பசேய்கா குழுவினர் 1987லேயே இதற்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார்கள். அப்புறமும் கேம் தயாரிப்பவர்கள், சறுக்கிய காரைத் திருப்பிப் பிடிக்க அரை நொடிகூடத் தராமல் சுவரில் மோத விடுகிறார்களே!