கூலி வாங்காதவரிடம் கணக்குக் கேட்கலாமா?

சென்ற மாதத்தோடு ஒரு தியான மையத்தின் அறங்காவலர் பொறுப்பிலிருந்து விடைபெற்றேன். மையத்தின் பெயரும் ஊரும் இந்தப் பதிவுக்கு வேண்டாதவை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு, நாற்பது பேர் தங்கும் அறைகள், ஒரு தியானக் கூடம், ஒரு சமையற்கூடம் என்ற அளவில் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எதற்காக விலகினீர்கள், ஏதேனும் மனக்கசப்பா என்று நண்பர்கள் சிலர் உட்பெட்டியில் கேட்டார்கள். கசப்பு உண்டு, ஆனால் விலகியதற்குக் காரணம் அதுவன்று. மூன்றாண்டு வீதம் இரண்டு தவணைகளுக்கு மேல் ஒருவர் அறங்காவலராகத் தொடரக் கூடாது என்ற விதியை, நெடிய வாக்குவாதத்துக்குப் பிறகு கொண்டுவந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த விதி முதலில் பிடித்தது என்னைத்தான்.

ஊதியமின்றி நடத்தப்படும் ஆன்மிக நிலையங்களைத் திருட்டு கெடுப்பதைவிடக் கூச்சம் அதிகமாகக் கெடுக்கிறது என்பது இந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஒருவரை ஒருவர் மதிக்கும் ஏழு நல்லவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்தால், அந்த மதிப்பே அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மருத்துவர், கட்டடப் பொறியாளர், பள்ளி ஆசிரியைகள் இருவர், ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், நான் என எழுவர் இருந்தோம். யாருக்கும் ஊதியம் கிடையாது. மையத்துக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணம்கூட அவரவர் கைக்காசு.

கூட்டம் ஒவ்வொன்றும் இருபது நிமிடத் தியானத்தோடு தொடங்கும். மணியொலி கேட்டுக் கண்ணைத் திறக்கும்போது அறை முழுவதும் ஓர் அமைதி படிந்திருக்கும். அதன் பிறகு, போன காலாண்டில் மளிகைச் செலவு ஏன் ஒன்றரை மடங்கு ஆயிற்று என்று ஒருவர் கேட்டால், செலவு கூடியதைவிட அமைதியைக் குலைத்ததுதான் பெரிய தவறாகத் தெரியும். "இப்போதுதானே உட்கார்ந்து எழுந்தோம், அதற்குள் கணக்கா சார்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எல்லோரும் சிரிப்போம். கேள்வி அத்தோடு போய்விடும். நடவடிக்கைக் குறிப்பு மூன்று வாரம் கழித்து, செயலாளருக்கு ஓய்வு கிடைக்கும் ஏதோவொரு மாலையில் எழுதப்படும். அதில் 'கணக்குகள் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டன' என்ற வரி தவறாமல் இருக்கும். அடுத்த கூட்டத்தில் எழுவரும் கையெழுத்திடுவோம். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டவன்தான். எனக்கு அது பணிவாகத் தோன்றியது.

என் பணிவை உடைத்தது சமையற்கூடம். முகாம் நாட்களில் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பெண்கள் சமையலுக்கு வருவார்கள். காலை நாலரை மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால், இரவு பாத்திரம் கழுவி முடிய எட்டு மணியாகும். கூலியை உயர்த்தித் தரும்படி அவர்கள் கேட்டபோது, எங்கள் குழுவில் எழுந்த முதல் மறுமொழி, "நாமே ஒரு பைசா வாங்காமல்தானே இங்கே உழைக்கிறோம்" என்பதாக இருந்தது. சொன்னவர் கெட்டவர் அல்லர். தன் பணத்தில் மையத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தவர். ஆயினும் ஓய்வூதியம் வாங்குகிறவர் கூலி வாங்காமல் செய்யும் சேவையும், அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கிறவர் குறைந்த கூலிக்குச் செய்யும் வேலையும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல என்பது அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அக்கணத்தில் உறைக்கவில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் இடங்களில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் நிலை தனியே ஆராயப்பட வேண்டிய ஒன்று. சம்பளமே வாங்காதவர்கள் அவர்களுடைய சம்பளத்தை முடிவு செய்கிறார்கள். தங்கள் தியாகத்தை அளவுகோலாக வைத்து முடிவு செய்கிறார்கள். 'சேவை' என்ற சொல் அங்கே அறங்காவலர்களுக்குப் பெருமையாகவும் சமையற்காரர்களுக்குச் சுமையாகவும் ஆகிவிடுகிறது. கூலி உயர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் முகாமுக்கு வந்தவர்கள் சாப்பாட்டின் ருசியை வருகைப் பதிவேட்டில் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மற்றொரு தடை, மையத்தை நிறுவிய ஆசிரியர். அவரை எல்லோரும் ஐயா என்போம். தியானத்தில் அவர் சொல் எனக்கு இன்றும் வேதம்தான். ஆனால் கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதிலும், ஆடிட்டரை மாற்றலாமா என்பதிலும்கூட "ஐயாவிடம் கேட்டீர்களா?" என்ற ஒரு கேள்வியில் விவாதம் முடிந்துவிடும். உண்மையில் பல நேரங்களில் ஐயாவிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்; அவருக்கு அதில் அக்கறையும் இருந்திருக்காது. அவருடைய பெயர் எங்களுக்குள் நடக்க வேண்டிய சண்டையைத் தவிர்க்க உதவியது, அவ்வளவே. ஒரு முறை துணிந்து நேரில் கேட்டபோது, "குழாய் விஷயத்துக்கு உங்களை எதற்கு வைத்திருக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியிலிருந்து கேட்பார் யாரேனும் உண்டா என்றால், நம் மாநிலத்தில் பெரும்பாலும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்படி ஓர் அறநிலைய ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் கோயில்களுக்கு அறநிலையத் துறை இருக்கிறது. எங்களைப் போன்ற பொது அறக்கட்டளை, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்தைப் பதிவு செய்தால் பிறந்துவிடுகிறது. அதன் பிறகு கணக்கைக் கேட்கிற முக்கியமான வெளியாள் வருமான வரித் துறைதான். வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட்டோமா, அறங்காவலர்களோ அவர்களுடைய உறவினர்களோ பயனடைந்தார்களா என்று அது பார்க்கும். சமையற்காரப் பெண்ணின் கூலி நியாயமா என்று அது பார்க்காது. ஆவணம் எழுதுபவர் பழைய மாதிரியைப் பார்த்து 'வாழ்நாள் அறங்காவலர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த ஒரு வரி ஒரு தலைமுறைக்கு மையத்தின் தலையெழுத்து. எங்கள் ஆவணத்திலும் அது இருந்தது.

இதெல்லாம் வேறெங்கே எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தபோது என்னைப் பெரிதும் ஈர்த்தவர்கள் குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர். அவர்களுடைய நிர்வாகக் கூட்டமும் எங்களுடையதைப் போல் மௌனத்தில்தான் தொடங்குகிறது, வாக்கெடுப்பு கிடையாது. ஆனால் மௌனத்தை அவர்கள் கையாளும் விதம் வேறு. கூட்டத்தை நடத்தும் எழுத்தர், ஒரு பொருள் பேசப்பட்டதும் அதன் முடிவைக் கூட்டத்திலேயே எழுதி, எல்லோருக்கும் படித்துக் காட்டி, சொல் திருத்தம் இருந்தால் அங்கேயே திருத்தி, ஒப்புதல் பெற்ற பிறகுதான் அடுத்த பொருளுக்குப் போவார். நாங்கள் கேள்வியை மௌனத்தில் புதைத்தோம்; அவர்கள் கேள்வி கேட்டவரைக் கடைசி வரை கேட்பதற்காக மௌனமாக இருக்கிறார்கள். பொறுப்புகளும் பெரும்பாலும் மூன்றாண்டு போன்ற குறித்த காலத்துக்கே தரப்படுகின்றன. இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே, சாக்லேட் தொழிலதிபர் ஜார்ஜ் கேட்பரியின் பழைய வீட்டில் 1903இல் தொடங்கப்பட்ட வுட்புரூக் என்னும் அவர்களுடைய கல்வி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 120 ஆண்டுகள் அங்கே தங்கிப் படித்தவர்களும் தனித்திருந்து தியானித்தவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். காந்தி 1931இல் வந்து தங்கிய இடம் அது. அந்தக் கட்டடத்தை நடத்தக் கட்டுப்படியாகவில்லை என்று 2023இல் அதன் அறங்காவலர்கள் முடிவெடுத்து, கட்டடத்தை விட்டுவிட்டு, பயிற்சிகளை மட்டும் இணையவழியிலும் வேறிடங்களிலும் தொடர்ந்தார்கள். வருத்தப்பட்டவர்கள் ஏராளம். அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல நான் யார்? ஆனால் 'இது கட்டுப்படியாகவில்லை' என்ற வாக்கியத்தை வெளியே சொல்ல ஒரு குழுவுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, பத்தாண்டுகளாக ஒழுகும் கூடத்துக் கூரையைப் பற்றிப் பேசாமலே எழுந்து போன குழுவில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஷுன்ரியு சுசுகி என்ற ஜப்பானியத் துறவி 1962இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ ஜென் மையத்தில், 1971இல் அவர் மறைந்த பிறகு பொறுப்பேற்ற ரிச்சர்ட் பேக்கரின் காலத்தில் பண்ணை, பேக்கரி, உணவகம் என நிறுவனம் பெருகியது. உள்ளே தங்கியிருந்த மாணவர்கள் சொற்பப் படிக்கு உழைத்தார்கள். அவருடைய தனிவாழ்க்கை நடத்தையையும் செலவுகளையும் பற்றி 1983இல் வெடித்த நெருக்கடியின் முடிவில் அவர் விலகினார். அதற்குப் பிறகே அந்த மையம் தலைமைப் பொறுப்புக்குக் கால வரம்பு விதித்தது. மாசசூசெட்ஸில் உள்ள கிருபாலு யோக மையத்திலும் நிறுவனர் அம்ரித் தேசாய் 1994இல் விலக நேர்ந்தது. பின்னர் அது குருவின் தலைமையின்றி நிர்வாகக் குழுவைக் கொண்டு இயங்கும் நிறுவனமாக மாறியது. இரண்டு இடங்களிலும் படித்தவர்களும் பக்குவமுள்ளவர்களும் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

கணக்குக் கேட்பது மேற்கத்தியப் பழக்கம், நம் மரபில் குருவிடமும் தொண்டரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்று எங்கள் கூட்டமொன்றில் ஒருவர் சொன்னார். பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூலை அவர் புரட்டிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். துறவியர் சங்கத்தின் பண்டகசாலையைக் காக்கும் துறவியை எப்படித் தேர்வது என்று அதில் இலக்கணமே இருக்கிறது: விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் வழி பிறழாதவராகவும், எது காக்கப்பட்டிருக்கிறது, எது காக்கப்படவில்லை என்பதை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். உலகைத் துறந்தவர்களுக்கே இந்தக் கட்டளை. அச்சத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தவர்களை எண்ணி வியக்கிறேன். எங்கள் குழுவில் முதல் மூன்றும் ஓரளவுக்குத்தான் இருந்தன, நான்காவது நிறையவே இருந்தது.

நம் ஊருக்கே வருவோம். தேர்தல் வந்தால் எல்லோரும் எடுத்து நீட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை மட்டும் இல்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து அந்த விதிகளின்படி, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவில், இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள். உறவினர் யார் யார் என்பது அத்தை மகன் வரைக்கும் விரித்துச் சொல்லப்படுகிறது. அது நிலமுடைய பிராமணர்களுக்கு மட்டுமே இடம் தந்த சபை என்பதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. என்றாலும், கணக்குக் காட்டாதவனின் மைத்துனனையும் உள்ளே விடாதே என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவைத்த மண்ணில், 'வாழ்நாள் அறங்காவலர்' என்று முத்திரைத்தாளில் எழுதுவதை மரபு என்று சொல்லக் கூடாது.

தவணை விதியைக் கொண்டுவர எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. தோப்பின் வடக்கு மூலையில் மண்ணுக்கடியில் இருக்கும் வால்வு எங்கே என்று தெரிந்தவர் எங்கள் பொறியாளர் ஒருவரே; அவர் போனால் தண்ணீர் நிற்கும். இலவசமாக உழைக்க ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கும்போது, இருப்பவரையும் அனுப்பிவிட்டு யாரைக் கூப்பிடுவது என்றார்கள். வால்வுக்கு வரைபடம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினோம். ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மையாகவே துன்புறுத்தியது. யார் யாரைக் கேட்டோம் என்று எண்ணிப் பார்த்தபோதுதான், பத்தாண்டுகளாக முகாமில் பாத்திரம் கழுவிய இளைஞர்களில் ஒருவரைக்கூட நாங்கள் கேட்டதில்லை என்பது தெரிந்தது. பணமும் பதவியும் இருந்து ஓய்வுபெற்றவர்களையே அறங்காவலர் என்று எங்கள் கண் தேடிக்கொண்டிருந்தது.

அப்படிக் கேட்டதில் வந்த ஒருவர், கணக்குப் பதிவியல் படித்த, முப்பது வயதை எட்டாத பெண். என் கடைசிக் கூட்டத்தில்தான் அவருக்கு முதல் கூட்டம். இருபது நிமிடத் தியானம் முடிந்தது, மணி அடித்தது, கண்ணைத் திறந்தோம். அவர் பேரேட்டைப் புரட்டி, "மோட்டார் ரிப்பேருக்கு 11,400 ரூபாய் சாருக்குத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது, பில் இல்லையே?" என்று கேட்டார். சார் என்றது என்னை.

காது சூடேறியது. ஆறு ஆண்டுகளாகச் சொந்தப் பெட்ரோல் போட்டு ஓடியவனிடம், விடைபெறுகிற நாளில், வந்த அன்றே ஒரு சின்னப் பெண் கேட்கிற கேள்வியா இது என்ற வாக்கியம், இந்தப் பதிவில் இதுவரை எழுதியதற்கெல்லாம் நேரெதிராக, முழுசாக நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜவுளிக் கடைக்காரர் சிரித்துப் பேச்சை மாற்றப் பார்த்தார். "பில் தொலைந்துவிட்டது, மெக்கானிக்கிடம் நகல் வாங்கித் தருகிறேன்" என்றேன். மெக்கானிக் கடை மாற்றியிருந்தார். தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நகல் பில்லில் தொகை 11,150 என்று இருந்தது. மீதி 250 ரூபாய் எதற்கு என்று எனக்கு நினைவில்லை. அதைக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன்.