சாத்துப்படிக்கு முதல் ஒரு படம் எடுங்கள்

வன்னியில் கோயில் பரிபாலன சபைகளில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி. வீதியுலா வரும் உங்கட எழுந்தருளி விக்கிரகம் நாளைக்குக் களவு போனால், பொலிஸில் முறைப்பாட்டோடு கொடுக்க என்ன படம் இருக்கு? தேடினால் திருவிழாப் படம்தான் கிடைக்கும். பட்டு, மாலை, சந்தனக்காப்பு, நடுவில் முகம் மட்டும் தெரியும். அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் "இது எங்கட அம்மன்" என்று நிறுவ முடியாது.

தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய உரிமைப் பத்திரங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த பழைய படங்கள் இருந்ததால்தான் அது களவுப் பொருள் என்பதை மறுக்க முடியாமல் போனது. 2014இல் சிலை திரும்பி வந்தது. வன்னிக் கோயில்களுக்கு அப்படியொரு படக் களஞ்சியம் இல்லை. இருந்த ஏடுகளும் படங்களும் கூட 2008, 2009 இடப்பெயர்வில் எத்தனையோ கோயில்களில் போய்விட்டன.

அபிஷேகம் முடிந்து ஈரம் துடைத்த பிறகு, சாத்துப்படி, அதாவது பட்டும் மாலையும் சாத்தும் அலங்காரம், தொடங்க முதல் உள்ள நேரம்தான் படமெடுக்கத் தோதானது. குருக்கள்தான் தூக்கி வைக்க வேண்டும். பின்னால் வெள்ளை வேட்டி கட்டுங்கள். பிளாஷ் போடாதீர்கள், உலோகம் மின்னிக் கோடுகளை மறைத்துவிடும். பக்கத்தில் இருந்து வரும் காலை வெளிச்சம் போதும். முன், பின், இரு பக்கம், முகம், கைகள், பீடத்தின் அடி என்று எல்லாம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடிமட்டம் தெரியவேண்டும்.

பின்பக்கத்தையும் பீடத்தின் அடியையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் முழுக்க அங்கேதான் இருக்கு. மெழுகு வார்ப்பில் மண் அச்சை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுப்பார்கள், அதனால் அதே அச்சில் இன்னொன்று வராது. வார்ப்பில் விழுந்த ஊசித்துளை, அதை அடைத்த ஒட்டு, உளி சறுக்கிய கீறல் எல்லாம் அந்த ஒன்றுக்கே உரியவை. பிழை என்று நினைத்து அவற்றை ராவித் தேய்க்க விடாதீர்கள்.

அளவை மில்லிமீற்றரில் எழுதுங்கள். "ஒன்றரை அடி இருக்கும்" என்பது அளவே இல்லை. திருவாசி (விக்கிரகத்துக்குப் பின்னால் நிற்கும் வளைவு) இல்லாமல் உயரம், பீடத்தின் நீள அகலம், நிறை என்று தனித்தனியாக வேண்டும். காரணம் இருக்கு. அசலில் அச்செடுத்து நகல் வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கினாலே 60 சென்ரிமீற்றர் விக்கிரகத்தின் நகல் 9 மில்லிமீற்றர் குறையும். திருத்த வேலைக்கென்று கொண்டு போனது அசலாகத் திரும்பி வந்ததா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை இல்லை.

"வயல் உழும்போது கிடைத்த ஐம்பொன் சிலை" என்று யாரும் கொண்டு வந்தால் வாங்க நினைக்காதீர்கள். உண்மையாக நிலத்தடியில் கிடைத்த தொல்பொருள் என்றால் அது அரசுக்குரியது, தொல்லியல் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். பல நேரம் அது பழையதும் இல்லை. பூசிய பச்சைக் களிம்பு ஈரப் பஞ்சில் ஒட்டி வரும். காலத்தில் பிடித்த களிம்பு உலோகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கும்.

வரைந்த திரைச்சீலை, பழைய சுவாமிப் படங்களுக்கும் இதே முறைதான். சட்டத்தின் பின்பக்கம், ஆணி, ஒட்டியிருக்கும் கடைச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுங்கள். 1914இல் வரைந்தது என்று விற்கப்பட்ட ஓவியத்தில் அப்போது கடையிலேயே கிடைக்காத டைட்டானியம் வெள்ளை இருந்ததால்தான் ஜெர்மனியில் போலி ஓவியம் வரைந்து விற்ற பெல்ட்ராக்கியின் மோசடி வெளியில் வந்தது.

எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதாது, அது படத்தைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று வெளிநாட்டில் உள்ள ஊரவரிடம் இருக்கட்டும். களவு போனால் அன்றைக்கே படமும் அளவும் முறைப்பாட்டோடு போகவேண்டும். இன்டர்போல் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் நாங்கள் நேரே சேர்க்க முடியாது, பொலிஸ் வழியாகத்தான் போகும். ஆனால் 2021இல் இன்டர்போல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலியில் அந்தப் பட்டியலை யாரும் தேடிப் பார்க்கலாம்.

மூலவரைப் படமெடுக்கச் சொல்லவில்லை. கருவறைக்குள் ஒருவரும் போகத் தேவையில்லை. வருகிற கொடியேற்றத்துக்கு முதல் நாள் எழுந்தருளிக்கு மட்டும் குருக்களிடம் ஒரு மணித்தியாலம் கேளுங்கள்.