தொல்லியலில் எம்.ஏ. செய்தால் வேலை வருமோ?

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தாள். தொல்லியலைச் சிறப்புப் பாடமாகப் படித்து இரண்டு வருடத்துக்கு முன் கம்பஸால் வெளியே வந்தவள். கையில் முதுகலைக்கான விண்ணப்பப் படிவம். "அண்ணா, இதைச் செய்தால் வேலை எடுக்கலாமோ?" பின்னால் தாய். "தம்பி, நீங்களும் இதைத்தானே படிச்சனீங்கள், உண்மையைச் சொல்லுங்கோ."

உண்மை என்னவென்றால் நானும் அதையே படித்து, அதுக்கு மேல் முதுகலையும் முடித்து, 2020இல் பட்டதாரிப் பயிலுநர் என்று மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் சேர்ந்து, இன்றைக்கு ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வீட்டுத்திட்டக் கோப்புகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டு இருக்கிறேன். என் மேசைக்கு வருகிற ஒருவரும் கருப்பு சிவப்பு மட்பாண்டத்தைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளை இதே கேள்வியோடு இன்பொக்ஸுக்கு வருகிறது.

முதுகலை புதிதாக ஒரு கதிரையையும் உண்டாக்காது. இலங்கையின் வடக்கில் தொல்லியல் என்ற பெயரோடு இருக்கிற கதிரைகள் எங்கே? தொல்லியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம், யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகம், மத்திய கலாசார நிதியத்தின் வேலைகள், பல்கலைக்கழகம். அவ்வளவுதான், விரல்விட்டு எண்ணிவிடலாம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் போனால் முதுகலை கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் அங்கே நிலைக்க ஏலாது. ஆனால் அந்த வாசலுக்குள் காலை வைக்கத் தேவைப்படுவது முதல் பட்டத்தில் எடுத்த வகுப்பு, முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ என்பது. அதில் சறுக்கியவர்கள் எம்.ஏ. செய்து சரிக்கட்டலாம் என்று நினைப்பது பெரும்பாலும் சரிவருவதில்லை, நான் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆசிரியராகப் போனால் வரலாறு படிப்பிக்கலாம், சாதாரண தரம் வரைக்கும் அது கட்டாய பாடம். ஆனால் அங்கே பதவி உயர்வுக்குக் கைகொடுப்பது பட்டப்பின் கல்வி டிப்ளோமா, தொல்லியல் எம்.ஏ. அல்ல. மற்றும்படி பொதுவான பட்டதாரி நியமனத்தில் எல்லாரும் ஒரே வரிசை. 2017இல் வேலை கேட்டு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) முன்னால் மாதக்கணக்காகப் பந்தல் போட்டு இருந்தவர்களில் முதுகலைக்காரருக்கென்று தனிப்பாய் ஒருவரும் விரிக்கவில்லை.

ஒருமுறை நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போனேன், எங்கே என்பது வேண்டாம். என் சான்றிதழைப் பார்த்த ஐயா ஒருவர் "அப்ப கிடங்கு வெட்டத் தெரியும்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் எரிச்சல். அதுக்குப் பிறகு கேட்டது இரண்டே கேள்வி: சிங்களம் வாசிப்பீரோ, ஜி.ஐ.எஸ். (கணினியில் இட வரைபடம் போடுகிறது) தெரியுமோ. இரண்டுக்கும் "கொஞ்சம்" என்றேன். இரண்டு வருடமாக நான் எழுதிய ஆய்வேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் கேட்டது சரியான கேள்விதான், அதைச் சிரிக்காமல் கேட்டிருக்கலாம்.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவன் "அங்கே தொல்லியலாளருக்கு வேலை இருக்கு, உங்களுக்குத்தான் இல்லை" என்பான். அவன் சொல்வதில் பாதி சரி. பிரித்தானியாவில் 1990இல் கட்டட அனுமதிக்கான வழிகாட்டல் ஒன்று வந்தது. நிலத்தில் கட்டுகிறவனே அதுக்குக் கீழே இருப்பதை ஆராயவும் செலவழிக்கவேண்டும் என்ற நடைமுறை அதோடு நிலைபெற்றது, அதைச் சுற்றி அகழாய்வு நிறுவனங்கள் வளர்ந்தன, வேலையும் வந்தது. வேலையைக் கொண்டுவந்தது அந்த விதி, பட்டம் அல்ல. அங்கேயும் புதிதாக வருகிற எம்.ஏ.காரரும் பி.ஏ.காரரும் பெரும்பாலும் ஒரே குழிக்குள் ஒரே கரண்டியோடுதான் தொடங்குகிறார்கள், முதலில் பார்ப்பது எத்தனை மாதம் களத்தில் நின்றாய், வாகனம் ஓடுவாயோ என்பதை. சம்பளமும் மச்சான் நினைக்கிற அளவுக்கு இல்லை. இலங்கையிலும் கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் அபிவிருத்தி வேலை செய்யுமுன் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி அந்த மாதிரித் தனியார் துறை இங்கே வளரவில்லை.

கீழடி, கீழடி என்று ஒரு காய்ச்சல் வந்ததே, அதுவும் எங்கள் பெடியளைக் குழப்பியது. தமிழ்நாடு அரசு 2018இலிருந்து தானே தோண்டுகிறது, 2023இல் அருங்காட்சியகமும் திறந்தது, நல்ல விசயம், எனக்கும் சந்தோசம். ஆனால் அந்த அரசின் நியமனம் யாழ்ப்பாணத்து அரியாலைக்காரனுக்குக் கிடைக்காது, ஃபேஸ்புக்கில் எவ்வளவு பகிர்ந்தாலும்.

சரி, அப்போ படிக்கவே வேண்டாமோ? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது ஒரு எலும்புக்கூட்டோடு சின்னதொரு முத்திரை கிடைத்தது, மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. அதை எழுத்தென்று கண்டுகொள்ள அந்த இடத்தில் படித்த கண் ஒன்று நின்றிருக்கவேண்டும். போருக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டைக்குள் தோண்டியபோது வந்த சீன மட்பாண்ட ஓடுகளும் அப்படித்தான், தெரியாதவனுக்கு அது உடைந்த பீங்கான். இந்தக் கண் களத்தில் வருகிறது. ஓட்டைக் கழுவி, இலக்கம் எழுதி, விளிம்பை வரைந்து, வெயிலில் மண்ணின் நிறம் மாறுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வருவது. அது வந்த பிறகு முதுகலை செய்தால் கேட்கிறதுக்கு ஒரு கேள்வியாவது கையில் இருக்கும். நான் எதிர்ப்பக்கமாகச் செய்தேன். வேலை வரும்வரை சும்மா இருக்கக்கூடாதென்று சேர்ந்தேன், வீட்டில் கேட்டால் "படிக்கிறன்" என்று சொல்லலாம், கலியாணப் பேச்சிலும் சொல்லலாம். அந்த இரண்டு வருடத்தில் அரச வேலைக்கான வயதெல்லைதான் கிட்ட வந்தது.

இன்னொன்று, எழுதினால் சண்டைக்கு வருவீர்கள். முல்லைத்தீவில் விகாரைச் சர்ச்சை நடக்கிற குருந்தூர்மலை என்றால் எல்லாரும் கொதிக்கிறோம். கிழக்கு மாகாணத்துக்கென்று 2020இல் அரசு தொல்லியல் செயலணி போட்டபோது முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை என்று கத்தினோம், கத்தவேண்டியதுதான். அதே நாங்கள் வீட்டில் பிள்ளை தொல்லியல் என்று வாய் திறந்தால் "படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்" என்கிறோம். திணைக்களத்தின் அறிக்கையை வாசித்து, படம் வரைந்து, அளவு போட்டுப் பதில் எழுத ஆள் வேண்டாமோ? வேண்டும். ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் தலையில் இனத்தின் பாரத்தை ஏற்றுகிறவர்கள் ஒருவரும் அதுக்குச் சம்பளம் கட்டுவதில்லை. அதனால் அந்தக் காரணத்தைச் சொல்லி அவளைச் சேரச் சொல்ல நான் தயாரில்லை.

அவளுக்குச் சொன்னது இதுதான். ஒரு வருடம் பொறு. எங்கேயாவது அகழாய்வு நடந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் என்றாலும் போய் நில், 2024இல் ஆனைக்கோட்டையில் மறுபடி தொடங்கியபோது போய் நின்ற பிள்ளைகளைக் கேட்டுப் பார். ஜி.ஐ.எஸ். படி. சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், பலாலிக்கு விமானம் வருகிறது, காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது, மந்திரிமனையையும் கந்தரோடையையும் வருகிறவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே குறைவு. அதுக்குப் பிறகும் ஆசை இருந்தால் சேர், சேர்வதென்றால் கொழும்பில் களனிப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் தொல்லியல் நிறுவகத்தையும் யோசி, 1986இலிருந்து இருக்கிறது, துறைக்குள் இருக்கிறவர்களை அங்கே நேரே பழகலாம்.

தாய்க்கு முகம் வாடிவிட்டது. "அப்ப வேலை இல்லையெண்டுறீங்கள்." நான் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள், கிழிக்கவில்லை. படலையடியில் நின்று திரும்பிக் கேட்டாள்: "அண்ணா, சிங்கள வகுப்பு எங்கை நல்லாச் செய்யினம்?"