ஓட்டை வண்டி என்றா சொன்னீர்கள்?

இரண்டு நாளாகச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒருவர் நடத்திய ஸ்டார் வார்ஸ் நேரலையில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் இணைப்பு கேட்காதீர்கள். என் புண்ணியத்தில் அவருக்கு இன்னும் நாலு பேர் கூட வேண்டாம்.

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்வெளிப் போர்க்கலங்களில் சிறந்த பத்து. பட்டியல் போடுவது அவர் உரிமை. முதலிடம் வில்லன்களான பேரரசின் டை இன்டர்செப்டர். சரி, ரசனை. கடைசி இடம் பேரரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படையின் ஒய்-விங். அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் "இது ஓட்டை வண்டிங்க, காயலாங்கடைக்குப் போக வேண்டியது" என்று ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். கூட உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் மறுத்து எழுதியதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அண்ணனுக்குத் தகர டப்பான்னா தனிப் பாசம்" என்றார். அதற்கும் சிரிப்பு.

ஒய்-விங் ஓட்டை வண்டி இல்லை. மூடி கழற்றிய வண்டி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பட்டியல் போட உட்காரக் கூடாது.

அந்தக் கலத்தின் உடம்பு முழுக்கக் குழாயும் கம்பியும் வெளியே தெரியும். முதலில் அப்படி இல்லை. 2008-இல் வந்த குளோன் வார்ஸ் கார்ட்டூன் தொடரில், மெலவலன்ஸ் என்ற ராட்சத எதிரிக் கப்பலை அனகின் என்ற வீரன் தாக்கப் போகும்போது ஓட்டுவது இதே ஒய்-விங்தான். மூக்கிலிருந்து வால்வரை பளபளவென்று மூடியோடு இருக்கும். பிறகு அது கிளர்ச்சிப் படையிடம் வந்தது. ஓயாத பராமரிப்பு வேலை. ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி, வேலை முடித்து, மறுபடி மாட்ட நேரமில்லை. மெக்கானிக்குகள் மாட்டாமலே விட்டுவிட்டார்கள். கதை அவ்வளவுதான். இதில் எங்கே ஐயா ஓட்டை இருக்கிறது?

காயலாங்கடை என்றாரே, தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று புரியவில்லை. ரெபல்ஸ் என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரின் மூன்றாவது சீசன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரெக்லம் என்ற உடைப்புத் தளத்தில் பேரரசு ஒய்-விங்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கும். கிளர்ச்சிக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து அவற்றைத் திருடிக்கொண்டு வருவார்கள். ஆமாம், காயலாங்கடையிலிருந்து வந்ததுதான். திருடும் அளவுக்கு அதில் ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம்?

"வேகம் கம்மிதானே?" என்று உடனே வருவீர்கள். கம்மிதான். வளிமண்டலத்தில் கிளர்ச்சிப் படையின் இன்னொரு கலமான எக்ஸ்-விங் மணிக்கு 1,050 கிலோமீட்டர், ஒய்-விங் 1,000. இந்த 50 கிலோமீட்டருக்கா கடைசி இடம்? உங்கள் முதலிட டை இன்டர்செப்டருக்குக் கவசம் கிடையாது. ஒளியைவிட வேகமாகப் பாய வைக்கும் ஹைப்பர்டிரைவ் கிடையாது. தாய்க்கப்பல் போய்விட்டால் நடுவெளியில் அனாதை. ஒய்-விங்கில் இரண்டும் உண்டு. புரோட்டான் டார்பிடோ உண்டு, எதிரிக் கலத்தை உடைக்காமல் முடக்கும் அயனிப் பீரங்கி உண்டு, பின்னால் ஒரு டிராய்டும் (ரோபோ) உண்டு. அழகு மட்டும் கொஞ்சம் கம்மி. அதுகூட நீங்கள் சொல்வதுதான்.

அந்த அயனிப் பீரங்கியின் அருமை 1993-இல் வந்த எக்ஸ்-விங் கணினி விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரியும். சித்தப்பா வீட்டுக் கணினியில் பழியாகக் கிடந்து ஆடியிருக்கிறேன். எக்ஸ்-விங், ஏ-விங் கொடுத்தால் எதிரியைச் சுட்டு வெடிக்க வைக்கலாம். சரக்குக் கப்பலை உடைக்காமல் நிறுத்த வேண்டும் என்றால் ஒய்-விங்தான். ஆமை மாதிரி நகரும், என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். ஆனால் போய்ச் சேரும். ரோக் ஒன் படத்திலும் (2016) ஸ்காரிஃப் கிரகத்துக்கு மேலே நின்ற ஸ்டார் டெஸ்ட்ராயர் என்ற பேரரசின் ராட்சதப் போர்க்கப்பலை அயனி டார்பிடோ போட்டு முடக்கியது யார்? ஒய்-விங்குகள்தான். அந்தக் கப்பல் செத்துக் கிடந்ததால்தான் அடுத்ததெல்லாம் நடந்தது.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து அறிவியல் பூர்வமாக விளக்கினார். மூடி கழற்றிய கதையெல்லாம் பின்னால் கட்டியதாம். 1970களில் மாடல் செய்தவர்கள் கடையில் விற்கும் டாங்கி, விமானப் பொம்மைப் பெட்டிகளிலிருந்து துணுக்குகளை எடுத்து ஒட்டினார்களாம், பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. தெரியும் தம்பி. வடிவமைப்பாளர் காலின் கான்ட்வெல் இதை முதலில் வரைந்ததும் தெரியும், ஜோ ஜான்ஸ்டன் அதை மாற்றியதும் தெரியும். அதனால் என்ன? எல்லாக் கதையும் யாரோ கட்டியதுதான்.

1977-இல் வந்த முதல் படத்தின் யாவின் போரை, அதாவது பேரரசின் ராட்சத ஆயுத நிலையமான டெத் ஸ்டாரைத் தாக்கும் காட்சியைச் சொன்னால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். "ஒய்-விங் என்னத்தைக் கிழித்தது? டெத் ஸ்டாரை உடைத்தது லூக்கின் எக்ஸ்-விங்." உண்மைதான். டெத் ஸ்டார் மேல் இருந்த நீளப் பள்ளத்துக்குள் முதலில் இறங்கியது யார்? ஒய்-விங் அணித் தலைவர் கோல்டு லீடரும் அவர் பின்னால் வந்த இரண்டு பேரும், மூன்று ஒய்-விங்கில். மூவரும் செத்தார்கள். கடைசி ஆள் சாவதற்கு முன்னால், எதிரி பின்பக்கமிருந்து வந்தான் என்று எக்ஸ்-விங் அணித் தலைவர் ரெட் லீடருக்குச் சொல்லிவிட்டுச் செத்தார். பதக்கம் கொடுக்கும் காட்சியில் இவர்கள் பெயரை யாராவது சொன்னார்களா? திரும்பி வந்த ஒரே ஒரு ஒய்-விங்கை ஓட்டியது யார் என்று படத்தில் ஒரு வார்த்தை உண்டா? 39 வருஷம் கழித்து, 1977 படத்துக்காக எடுத்து மிச்சமிருந்த பழைய பிலிமைத் தேடி, கோல்டு லீடரின் முகத்தை ரோக் ஒன்னில் வைத்தார்கள். தியேட்டரில் நான் மட்டும்தான் கைதட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பொம்மைக் கப்பலுக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள்.

என் அப்பா லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவர் ஸ்கூட்டருக்கு இன்ஜின் பக்கத்து மூடியே இருந்ததில்லை. தினமும் எதையாவது நோண்டுவார், மாட்டிக் கழற்ற அலுப்பு. அந்த மூடி பரண் மேல் கிடந்தது, அம்மா அதில் வத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்தார். வண்டி ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. நான் ஏழாவது படிக்கும்போது பையன்கள் அதற்கு எலும்புக்கூடு என்று பேர் வைத்தார்கள். ஒரு நாள் அப்பாவிடம், டீக்கடை முக்கிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் சொல்லாமலே அந்த முக்கில் நிறுத்தினார். பன்னிரண்டாவது முடிக்கும்வரை அங்கேதான் நிறுத்தினார்.

சனிக்கிழமை சிரித்த நாலு பேருக்கும் இது தெரியாது, அவர்கள் மேல் தப்பில்லை என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அது அதே சிரிப்பு.

போன வருஷம் பண்டாய் கம்பெனியின் 1/72 அளவு ஒய்-விங் பொம்மைக் கிட் வாங்கி மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டினேன். அப்பா வந்திருந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் எதையும் அவர் பார்த்ததில்லை. கடைசியில், "ஆயில் ஃபில்டர் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார்.

வரும் சனிக்கிழமை மறுபடி நேரலையாம், என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரமாட்டேன். ஒய்-விங்கை ஐந்தாவது இடத்துக்காவது ஏற்றினால் யோசிக்கிறேன்.